அல்பேனியாவுக்கு வளர்த்த தாடி

ஒரு முழு நாட்டுக்காகத் தாடி வளர்த்த மனிதர் இந்தத் தீவுப்பகுதியில், பேக்கரிப் பாண் விற்க வரும் எங்கள் பாண்காரர் ஒருவர்தான்.

அவருடைய மகனைப் பிரான்சுக்கென்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் அல்பேனியாவில் விட்டுவிட்டு மாயமானான். பெடியன் அங்கேயே ஒருத்தியைக் கலியாணம் முடித்து, அந்நாட்டுக் குடியுரிமையும் எடுத்துவிட்டான். அல்பேனியாவை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்த்தால் அவன் பாரிசிலுள்ள தமக்கையோடு போய் இருக்கலாம். தாயில்லாத பிள்ளைகள் இரண்டும் ஓரிடத்தில் இருப்பதைக் காணும்வரை முகம் வழிப்பதில்லையென்று பாண்காரர் நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

அதன்பிறகு எங்கள் ஊர் புளியங்கூடலுக்குப் பாணோடு உலகச் செய்தியும் வந்தது.

"அக்கா, அல்பேனியாவைச் சேக்கிறதெண்டால் முதல் அங்க கோடு கச்சேரி நீதியெல்லாம் திருந்தோணுமாம். லஞ்சம் ஒழியோணுமாம். பிறகு பாப்பினமாம்."

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவளில்லை. ஆனால் மூன்று பெண்களுக்குச் சம்பந்தம் பேசி முடித்தவள்.

"மாப்பிள்ளை வீட்டார் இப்பிடித்தான் தம்பி. கிணறு கட்டச் சொல்லுவினம். கட்டினால் மதில் கேப்பினம்."

"அப்ப அல்பேனியா ஆயத்தமில்லை எண்டுறியளோ?"

"பொம்பிளை எப்பவோ ஆயத்தம். அவைதான் நாள் வைக்கினமில்லை."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பாண்காரர் சாத்திரியாரிடம் போனார். அந்நாட்டின் சுதந்திர நாளைக் கொடுத்துச் சாதகம் எழுதச் சொன்னார்.

"பிறந்த நேரம்?"

"விடியப்புறமெண்டு போடுங்கோ ஐயா."

சனி நிற்கிறது, தள்ளிப்போகும் என்றார் சாத்திரியார். அன்று தொடக்கம் சனிக்கிழமைதோறும் அல்பேனியாவின் பெயரில் கோயிலில் எள்ளெண்ணெய் எரிந்தது. நட்சத்திரம் கேட்ட ஐயருக்குத் தடுமாறாமல் சொன்னார்.

தாடி நெஞ்சைத் தாண்டியது. "தாடி படாத பாணாய்ப் பாத்துத் தாங்கோ அண்ணை" என்று பெண்கள் பகிடி பண்ணினார்கள். அவரும் தாடியை ஒதுக்கிவிட்டுச் சிரிப்பார்.

போன மாரியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழும்பவில்லை.

செத்தவீட்டில் முகம் வழிக்க வந்தவர் கத்தியோடு நின்றார். பக்கத்தில் ஒருவர் பிடித்திருந்த கைபேசியில் மகள் ஒரு கட்டத்துக்குள்ளும் மகன் மற்றக் கட்டத்துக்குள்ளும் அழுதுகொண்டிருந்தார்கள். பாண்காரர் கேட்டபடி ஓரிடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

"வழிக்கட்டோ அக்கா?"

"நேர்த்தி முடியேல்லை. அப்பிடியே போகட்டும்."

அல்பேனியா எந்தத் திசையில் கிடக்கிறதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வானொலியில் அதன் பெயர் வந்தால் மட்டும் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறேன். நாள் வைத்துவிட்டார்களென்றால், அம்மனிடம் சொல்ல நயினாதீவுக்குப் படகேற ஒருத்தி வேண்டுமே.