மலையரசியின் முதல் ஏற்றம்

மறுபடியும் டீசல் முள் இறங்கியிருந்தது.

நிரஞ்சன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். முள் அசையவில்லை. விரலால் இரண்டு தட்டு தட்டினான். அப்போதும் அசையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கழுத்துவரை டீசல் நிரப்பி, வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தி, படங்கு போட்டு மூடிய ஜீப் அது. நின்ற இடத்திலேயே ஒரு வாரம் நின்றுகொண்டு கால் டாங்கியைக் குடித்துத் தீர்த்திருந்தது.

"நிலக்ஷி! இங்க வந்து பாரு!"

சமையலறை ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது.

"என்னங்க?"

"வண்டி சும்மா நின்னுக்கிட்டே டீசல் குடிக்குது!"

"வண்டின்னா டீசல்தானே குடிக்கும்? பிளேன்டியா குடிக்கும்?" என்று சொல்லிவிட்டுத் தலை உள்ளே போய்விட்டது.

ஹட்டனில் ஒரு வங்கியில் நிரஞ்சன் இரண்டாம் நிலை அதிகாரி. வேலைக்குப் பஸ்ஸில்தான் போவான். ஜீப்பை டவுனில் நிறுத்தினால் எவனாவது உரசிவிடுவான் என்று பயம். வண்டி அவனைவிட வயதில் மூத்தது. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் அவன் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. ஆனால் அந்த வண்டிக்கு அவன் செய்திருந்த அலங்காரத்தைப் பார்த்தால் எந்த மாப்பிள்ளைக்கும் பொறாமை வரும். பல் பல்லாகப் பெரிய டயர், கூரையில் நாலு விளக்கு, முன்னால் இழுவைக் கம்பி, மெத்தென்ற சிவப்பு சீட் உறை. முன் கண்ணாடியின் நெற்றியில், பட்டையாக, வெள்ளை எழுத்தில் 'மலையரசி' என்று பெயர்.

நிலக்ஷி குருவிமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு அரசாங்க மருத்துவமாது. தோட்டத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'மிஸ்ஸி'. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளைகளை எடை நிறுத்துப் பார்ப்பது என்று ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டே இருப்பாள். தோட்டத்தின் உச்சியில் இருக்கும் மேற்கணக்குப் பிரிவுக்கு மட்டும் ஸ்கூட்டர் ஏறாது. ஒரு மண்சரிவுக்குப் பிறகு அந்த ரோட்டில் லொறியும் ஏறாது, டிராக்டரும் ஏறாது. குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க நடக்கத்தான் வேண்டும்.

அதனால் ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "செவ்வாய்க்கெழமை மேக்கணக்குல கிளினிக். அன்னிக்கு மட்டும் ஜீப்பைக் கொண்டு போகட்டுங்களா? நீங்கதானே எனக்கு ஓட்டப் பழக்கினீங்க?"

"லைசன்ஸ் எடுக்கத்தான் பழக்கினேன். மலையரசிய மருந்துப் பெட்டி தூக்கவா வச்சிருக்கேன்?" என்றான் நிரஞ்சன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண்சாதி கிடைத்ததை நினைத்து நிரஞ்சனுக்குப் பெருமையாக இருந்தது.

டீசல் விஷயத்தை அவன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவனும் இன்னும் சில ஜீப்காரர்களும் சேர்ந்து 'சேற்றெருமைகள்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த ரோட்டில் மனிதன் நடக்கவே யோசிப்பானோ அந்த ரோட்டில் வண்டி ஓட்டுவது சங்கத்தின் கொள்கை. இந்த முறை குருவிமலை மேற்கணக்கு என்று முடிவாகியிருந்தது. மண்சரிவுக்குப் பின் ஒரு வண்டியும் ஏறாத ரோடு. அதிலும் ஆனைக்கல் முடக்கு என்ற வளைவைத் தாண்டி முதலில் மேலே ஏறுகிறவர்தான் இனிமேல் சங்கத் தலைவர். எருமைக்கொடி அவர் கைக்குப் போகும்.

போட்டிக்கு நின்றவர் கந்தப்பளை மரக்கறி முதலாளி அழகுமுத்து. புதுப் பளபளப்பு ஜீப் வைத்திருந்தார்.

"தம்பி, உங்க வண்டி அழகான வண்டி. கல்யாண ஊர்வலத்துக்கு ரொம்பப் பொருத்தம். மலை ஏறுறது வேற விஷயம்" என்று சங்கத்தின் வாட்ஸ்அப்பில், எல்லோரும் கேட்கும்படி, குரல் பதிவே போட்டிருந்தார்.

அந்தப் பதிவை நிரஞ்சன் அடிக்கடி போட்டுக் கேட்பான். கேட்கக் கேட்க இரத்தம் கொதிக்கும். மலையரசி வெறும் அலங்கார வண்டி இல்லை என்று காட்டாவிட்டால் அவனால் இந்த மலைநாட்டில் தலை காட்ட முடியாது.

ஆகவே ஜீப்பை பஸ்லான் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனான். பஸ்லான் அடியில் படுத்து, டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒழுக்கு ஒண்ணும் இல்ல சேர்."

"இருக்கணும் நானா. டாங்கியைக் கழட்டிப் பாருங்க."

டாங்கியைக் கழற்றினார்கள். ஒழுக்கு இல்லை. திருப்பி மாட்டும்போது உள்ளே இருந்த மிதப்பு எங்கேயோ சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து டீசல் முள் எப்போதும் நிறைந்த டாங்கியையே காட்டியது.

"பார்க்கவே மனசுக்கு நிறைவா இருக்கு சேர்" என்றார் பஸ்லான்.

நிரஞ்சன் ஒரு மூங்கில் குச்சியைச் சீவி எடுத்துக்கொண்டான். அதை டாங்கிக்குள் விட்டுப் பார்த்தால் அடுத்த வாரமும் டீசல் குறைந்திருந்தது.

"இது திருட்டு" என்று தீர்மானித்தான். யார் திருடன் என்பதிலும் அவனுக்குச் சந்தேகம் இல்லை. மலையரசி மலை ஏறாமல் போனால் யாருக்கு லாபம்? கந்தப்பளையிலிருந்து ஆள் அனுப்பி உறிஞ்சி எடுக்கிறார்கள்.

டாங்கிக்குப் பூட்டு மூடி வாங்கிப் போட்டான். சாவியை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். அது நல்ல யோசனைதான், பெட்ரோல் ஷெட்டில் போய் நிற்கும் வரைக்கும். டீசல் அடிக்க வந்த பெண் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க, நிரஞ்சன் பெல்ட்டைத் தளர்த்தி, சட்டையைத் தூக்கி, இடுப்பில் தடவிக்கொண்டு நின்றான். அந்தப் பெண் "சேர்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்த வரிசையில் கண்ணாடியை இறக்கிவிட்டு அழகுமுத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி, கட்டுச்சிரங்கா?"

அன்று சங்க வாட்ஸ்அப்பில் சொறி மருந்தின் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

பூட்டுப் போட்ட பிறகும் டீசல் குறைந்தது. பூட்டு உடையவில்லை. அப்படியானால் எஞ்சின்தான் அதிகமாகக் குடிக்கிறது என்று மறுபடியும் கராஜுக்கு ஓடினான். பஸ்லான் பம்பைத் திருகினார். மலையரசி தேயிலைத் தொழிற்சாலைக் குழாய்போலக் கரும்புகை விட ஆரம்பித்தது. திரும்பத் திருகச் சொன்னபோது, குறை வேறெங்காவது இருக்குமோ என்று பஸ்லான் சக்கரத்தையும் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"சேர், பிரேக் தேஞ்சு தகடாப் போச்சு."

"போன வருஷம் நீங்கதானே புதுசு போட்டீங்க?"

"அதுதான் சொல்றேன். நிக்கிற வண்டிக்கு பிரேக் தேயாது சேர். இது மலை எறங்குற வண்டி."

"நானா, மட்டமான சாமானைப் போட்டுட்டு என்னையே குறை சொல்றீங்களா?"

பஸ்லான் வானத்தைப் பார்த்தார். "யா அல்லா" என்று சொல்லிவிட்டுப் புது பிரேக் போட்டுக்கொடுத்தார்.

இந்தக் கவலைகள் போதாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேலை விட்டு வந்தவன், வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டான். துணி காயும் கொடியில் மலையரசியின் சிவப்பு சீட் உறை தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாதியாகச் சுருங்கியிருந்தது.

"யாரு இதைத் தொவைக்கச் சொன்னது?"

"அழுக்கா இருந்திச்சுங்க" என்றாள் நிலக்ஷி. அன்று அவள் ரொம்பக் களைத்திருந்தாள். ஆனால் முகத்தில் ஏதோ ஒரு சிரிப்பு.

"என் வண்டியில அழுக்கா? நான் வாரா வாரம் தொடைக்கிறேனே! இப்ப சுருங்கிப் போச்சு, பாரு!"

"வேற தைச்சுத் தாறேங்க. கத்தாதீங்க. இன்னைக்கு நல்ல நாள்."

என்ன நல்ல நாள் என்று நிரஞ்சன் கேட்கவில்லை. சீட் உறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

பயண நாளுக்கு முந்தின நாள் அவன் கடைசி ஆயுதத்தையும் எடுத்தான். பஸ்லானைக் கெஞ்சி, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஒரு சிவப்பு பொத்தானை ஒளித்து வைத்தான். அதை அமுக்காமல் எமனே வந்தாலும் வண்டி கிளம்பாது. வீட்டுக்கு வந்ததும், சமையலறை ஜன்னலுக்கு நேரெதிரே, கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பலமுறை அமுக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேற்றெருமைகள் எல்லோரும் அவன் வீட்டு வாசலில் கூடினார்கள். எருமைக்கொடி பனியில் நனைந்துகொண்டிருந்தது. நிரஞ்சன் சங்கச் சட்டை போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கம்பீரமாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

வண்டி பேசவில்லை.

மறுபடி திருகினான். இறங்கிப் போய் பொனட்டைத் திறந்தான். எல்லா வயரையும் தொட்டுப் பார்த்தான். வியர்த்துக் கொட்டியது. அழகுமுத்து இரக்கத்தோடு கயிற்றை எடுத்து நீட்டினார்.

"கட்டி இழுத்துக்கிட்டே போவமா தம்பி? மெதுவா ஓட்டுறேன்."

சமையலறை ஜன்னல் திறந்தது.

"என்னங்க, சீட்டுக்கு அடியில செவப்பா ஒண்ணு இருக்கே, அதை அமுக்கிப் பாருங்க!"

அமுக்கினான். மலையரசி உறுமிக்கொண்டு எழுந்தாள். பொத்தானைப் பற்றி அவளிடம் எப்போது சொன்னோம் என்று நிரஞ்சனுக்கு ஞாபகம் வரவில்லை. ஆனாலும் கணவன் சொன்னதையெல்லாம் மனதில் வைத்திருக்கிறாளே என்று அதிலும் ஒரு பெருமை வந்தது.

நிலக்ஷி வாசலுக்கே வந்துவிட்டாள். "ஆனைக்கல் முடக்குல வலப்பக்கம் போயிராதீங்க. கல்லை ஒட்டி இடப்பக்கமா, கால் எடுக்காம, ஒரே மூச்சுல ஏறணும்."

சேற்றெருமைகள் சிரித்தார்கள். நிரஞ்சனும் சிரித்தான்.

"அது நடந்து போற வழிம்மா. வண்டிக்கு வழி வேற."

ஆனைக்கல் முடக்குக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பக்கம் யானை முதுகுபோலப் பெரிய பாறை, மறுபக்கம் தேயிலைச் சரிவு, நடுவில் மழை அரித்த ரோடு. அழகுமுத்துதான் முதலில் போனார். பாதி தூரம் ஏறிய புது ஜீப், வழுக்கிக்கொண்டு பின்னால் வந்து ரோட்டோர வடிகால் கானுக்குள் பின்சக்கரத்தை இறக்கி உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்ததுமே தேநீர் குடிக்க இறங்கிவிட்டார்கள்.

நிரஞ்சன் தொண்டையைச் செருமிக்கொண்டு வலப்பக்கமாக ஏற்றினான். சக்கரங்கள் சுற்றின. சேறு பறந்தது. கூரை விளக்கில், கண்ணாடியில், அவன் வாயில்கூடச் சேறு. மலையரசி மெல்ல மெல்லப் பின்னால் வழுக்கினாள். தலைவர் பதவி, வாட்ஸ்அப்பில் வரப்போகும் படங்கள், கல்யாண ஊர்வலம், எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

வேறு வழியில்லாமல் இடப்பக்கம் பார்த்தான். பாறையை ஒட்டி, யாரோ அளந்து போட்டதுபோல இரண்டு தடம் மேலே போயிற்று. மாடு போன தடமாக்கும் என்று நினைத்துக்கொண்டான். வண்டியைத் திருப்பி, கல்லை ஒட்டி, காலை எடுக்காமல் அமுக்கினான். மலையரசி இருமினாள், புகைந்தாள், ஒரே மூச்சில் ஏறினாள். பழகிய வீட்டுக்குப் போகிற பசுபோல ஏறினாள்.

மேற்கணக்குத் தொழிலாளர் லயத்துக்கு முன்னால் போய் நின்றபோது நிரஞ்சனுக்கு அழுகையே வந்துவிட்டது. தட்டிக் கொடுத்து, "நீ அரசிதான்டி" என்றான். ஜனங்கள் வெளியே வந்தார்கள். வியந்து வாயைப் பிளப்பார்கள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அவர்களோ சிரித்துக்கொண்டே பின் சீட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"என்னாங்க சேர், இன்னைக்கு ஞாயித்துக்கெழமையாச்சே?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆமா, லீவு நாள்லதானே வர முடியும்" என்றான் நிரஞ்சன்.

அழகுமுத்துவும் மற்றவர்களும் நடந்தே மேலே வந்து சேர்ந்தார்கள். அழகுமுத்துவின் காற்சட்டை முழங்கால்வரை சேறு. நிரஞ்சன் பொனட்டின் மேல் ஏறி நின்று எருமைக்கொடியை வாங்கி உயர்த்திப் பிடித்தான்.

"மண்சரிவுக்குப் பிறகு இந்த மண்ணுல ஏறின முதல் வண்டி, என் மலையரசி!"

அழகுமுத்துவுக்கு மனம் ஆறவில்லை. வீடியோ எடுத்தபடியே கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "ஊர்க்காரங்க சாட்சி சொல்லணும். நெசமா வேற வண்டி ஏதும் இந்த முடக்கு ஏறினதில்லையா?"

கைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றி வைத்திருந்த ஒரு பெண் ஜீப்பின் பின் கதவைச் சொந்த வீட்டுக் கதவுபோலத் திறந்து, உள்ளே ஏறிச் சீட்டில் உட்கார்ந்தாள். குழந்தையின் முகத்தை மூடியிருந்த கம்பளியை விலக்கி, அதற்கு வண்டியின் உட்புறத்தைக் காட்டினாள்.

"ஏம்மா, காலெல்லாம் சேறு! சீட்டுல ஏறாதம்மா!" என்று நிரஞ்சன் பொனட்டிலிருந்து கத்தினான்.

அவள் தலையை வெளியே நீட்டி அழகுமுத்துவுக்குப் பதில் சொன்னாள்.

"வேற வண்டியா? சத்தியமா இல்லீங்க, இந்த மலையேறுறது இது ஒண்ணுதான். செவ்வாய்க்கு செவ்வாய் எங்க மிஸ்ஸி இதுலதான் கிளினிக்குக்கு வாராங்க, எனக்கு வலி கண்ட அன்னிக்கும் அவங்கதான் இதை ஓட்டிக்கிட்டு எறங்குனாங்க, அந்த ஆனைக்கல் முடக்குல நிப்பாட்டி இந்த சீட்டுலயே இவளை எடுத்துக் குடுத்தாங்க, அதான் வண்டி நெத்தியில இருந்த பேரையே இவளுக்கும் வச்சிட்டு, பொறந்த எடத்தைக் காட்டலாமுன்னு கூட்டியாந்தேன்!"