மகிழ்ச்சியின்மைச் சான்று பெற்ற ஜீப்

ஒரு வண்டியை ஓட்டலாம், அல்லது பாதுகாக்கலாம். ஒரே வண்டிக்கு இரண்டையும் செய்ய முடியாது என்பது கருங்கல் ஊரைச் சேர்ந்த கபிரியேலுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில்தான் தெரிய வந்தது. அதுவும் எழுத்துமூலமாக, மூன்று நகல்களில்.

கபிரியேல் இருபத்திரண்டு வருடம் சவுதியில் ஓட்டுநராக இருந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் முதலாளியையும் அவருடைய பிள்ளைகளையும் திறந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மணல்மேடுகளுக்குப் போவார். ஜீப் மேட்டில் ஏறிக் குதிக்கும்போது அவர்கள் சிரிப்பார்கள். இவர் ஓட்டுவார். சம்பளம் ஓட்டுவதற்குத்தான். அறைக்குத் திரும்பியதும் மனைவி செசிலிக்குப் போன் செய்வார்.

“ஏட்டி, ஊருக்கு வந்ததும் நமக்கும் இதுபோல ஒரு ஜீப்பு வாங்கணும். உன்ன அதுல பேச்சிப்பாறை டேமுக்குக் கூட்டிட்டுப் போவேன், பாத்துக்கோ.”

“முதல்ல நீங்க வாங்க” என்பார் செசிலி.

வந்தார். ஜீப்பையும் கண்டுபிடித்தார். 1962ஆம் வருடத்து வண்டி. மலையோரம் ஒரு ரப்பர் எஸ்டேட் கொட்டகையில் இருபது வருடமாக நின்றுகொண்டிருந்தது. பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால், குஞ்சு பொரிக்கும்வரை வண்டியைத் தர முடியாது என்றார் எஸ்டேட்காரர். கபிரியேல் பதினொரு நாள் காத்திருந்தார். கோழிக்குத் தவிடும் வாங்கிப் போட்டார்.

பிறகு அவரும் மெக்கானிக் ஷிஜினும் பதினான்கு மாதம் உழைத்தார்கள். துரு தின்ற தரைத்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைத்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். பிரேக் டிரம்முக்குள் இருந்த குளவிக்கூட்டை எடுத்த அன்று ஷிஜினின் முகம் வீங்கியது, வேலை நிற்கவில்லை. கடைசியாக இலைப்பச்சை வண்ணம் அடித்து, படுதாக் கூரை மாட்டி, சாவியைத் திருப்பியபோது ஜீப் இருமியது, தும்மியது, உயிர்பெற்றது. முப்பதாவது திருமணநாளுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அன்றைக்கே டேமுக்குப் போவதென்று முடிவாயிற்று.

இந்த இடத்தில்தான் கபிரியேல் தவறு செய்தார்.

அந்த வருடம் ஊரில், ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு அரசு தரும் வின்டேஜ் நம்பர் பலகை ஒரு மோகமாக இருந்தது. டீக்கடையில் பக்கத்து வீட்டு அனில்குமார் சொன்னார்: “சாதா நம்பர்ல ஓடினா அது பழைய ஜீப்பு. வின்டேஜ் நம்பர்ல நின்னா அது தறவாடு, பரம்பரைப் பெரும.” அவர் தன் அப்பாவின் ஸ்கூட்டருக்கு அந்தப் பலகையை வாங்கி வீட்டு வரவேற்பறையில் நிறுத்தியிருந்தார். அது ஓடாது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

கபிரியேலும் விண்ணப்பித்தார். பலகை வந்தது. அதனுடன் ‘தொன்மை ஊர்திப் பயன்பாட்டுக் கண்காணிப்புப் பிரிவு’ என்ற அலுவலகத்திலிருந்து ஓர் ஆணையும் வந்தது.

‘மேற்படி ஊர்தியானது (அ) காட்சிப்படுத்துதல், (ஆ) எரிபொருள் நிரப்புதல், (இ) பழுது நீக்குதல் ஆகிய நோக்கங்களுக்காக மட்டுமே சாலையில் இயக்கப்படலாம். மகிழ்வின் பொருட்டு இயக்குதல் அறவே தடைசெய்யப்படுகிறது.’

ஆணையைப் படித்து முடித்த கபிரியேல், பெட்ரோல் போடலாம் என்ற அளவில் ஆறுதல் அடைந்து வண்டியை எடுத்தார். முதல் திருப்பத்திலேயே ஒரு கை நீண்டது. அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் தாணுலிங்கம்.

“எங்க ஓய் போறீரு?”

“பெட்ரோல் போட சாரே.”

“பின்ன எதுக்குச் சிரிக்கீரு?”

தான் சிரித்துக்கொண்டிருப்பதைக் கபிரியேல் அப்போதுதான் கவனித்தார். “மூஞ்சில காத்தடிச்சுது சாரே. அதான்.”

“பெட்ரோல் போடப் போறவன் சிரிப்பானா ஓய்? வெல தெரிஞ்ச எவனாவது சிரிப்பானா?”

கபிரியேல் கையால் வாயைத் துடைத்தார்; சிரிப்பு கன்னத்துக்கு நகர்ந்தது.

குற்றக்குறிப்பில், ‘இடது கன்னம் வரை பரவிய மகிழ்ச்சி’ என்று எழுதப்பட்டது. இனி வண்டியை எடுக்க வேண்டுமானால், ஓட்டுபவரும் உடன் செல்பவரும் மகிழ்ச்சியின்மைச் சான்று பெற வேண்டும். படிவத்துடன் இரண்டு புகைப்படங்கள்: நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

மறுவாரம் கபிரியேலும் செசிலியும் அலுவலகம் போனார்கள். தாணுலிங்கம் கபிரியேலின் படத்துக்கு உடனே முத்திரை குத்தினார். செசிலியின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தம்மாக்க முகம் சரியில்ல.”

“என்ன சாரே குறை?”

“சந்தோசமா இருக்கு.”

“எனக்க முகமே இப்பிடித்தான் சாரே” என்றார் செசிலி. “ஞானஸ்நானத்துலயே இப்பிடித்தான் இருந்தேனாம்.”

தாணுலிங்கம் கோப்பைப் பார்த்தார். “கல்யாணமாகி முப்பது வருசம்னு போட்டிருக்கு. முப்பது வருசத்துக்குப் பொறவும் இப்பிடியா?” அவர் கபிரியேலைச் சந்தேகமாகப் பார்த்தார். “பயிற்சி எடுத்துட்டு வாங்க.”

பயிற்சி எடுத்தார்கள். சமையலறையில் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து துக்கமானவற்றை நினைத்தார்கள். செசிலி செத்துப்போன மாமாவை நினைத்தார். அவர் வேடிக்கையான மனிதர், உதவவில்லை. மீன் விலையை நினைத்தார், கோபம்தான் வந்தது. கடைசியில் கபிரியேல் சொன்னார்: “ஏட்டி, சவுதியில நான் இருந்த காலத்த நினைச்சுப் பாரு.”

இருவரும் நினைத்தார்கள். ஒருவர் அங்கே இருந்ததை, ஒருவர் இங்கே இருந்ததை. முகங்கள் தாமாகவே சரியாயின. மறுநாள் எடுத்த படத்துக்குத் தாணுலிங்கம், “பிரமாதம்” என்று சொல்லி முத்திரை குத்தினார். சான்று ரத்தாகாமலிருக்க இருவரும் தினமும் சமையலறைப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள்.

இதற்குள் சான்று பெற்றவர்கள் ஊரில் பெருகிவிட்டார்கள். அழுத முகத்துடன் பழைய வண்டியில் போகிறவரைப் பார்த்தால் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். போன மாதம் கார் வாங்கிய இளைஞர்களும் முகத்தைத் தொங்கப்போட்டு ஓட்டத் தொடங்கினார்கள். கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் ‘வின்டேஜ் முகம்’ வைத்துப் படம் எடுத்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முகப்பயிற்சி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. பத்து நாள் வகுப்பு. சிரித்தால் மறுபடி முதலிலிருந்து.

திருமணநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் கபிரியேல் (அ) பிரிவின் கீழ் விண்ணப்பித்தார்.

“காட்சிப்படுத்துதல்னா யாருக்குக் காட்டப் போறீரு?”

“பேச்சிப்பாறை டேமுக்கு சாரே.”

தாணுலிங்கம் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பார்ப்பவர் மனிதராக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அனுமதி வழங்கினார். ஒரே நிபந்தனை: கண்காணிப்புக்காக அரசுத் தரப்பில் ஒருவர் உடன் வருவார்.

திருமணநாளன்று காலை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் மூவரும் புறப்பட்டார்கள். செசிலி முன்னிருக்கையில், தாணுலிங்கம் பின்னிருக்கையில், அவர் மடியில் கோப்பு. குலசேகரம் தாண்டியதும் சாலை ரப்பர் மரங்களுக்குள் நுழைந்தது. வெயில் துண்டு துண்டாக விழுந்தது. காற்று படுதாவைத் தூக்கி அடித்தது. ஒரு பள்ளத்தில் ஜீப் இறங்கி ஏறியபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்துக் கபிரியேல் வேகத்தைக் குறைத்தார்.

“குறைக்காதேயும் ஓய்!” என்றார் தாணுலிங்கம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பள்ளத்தில் இன்னும் பலமாகச் சிரித்தார். அடுத்த திருப்பத்தில் தலையை வெளியே நீட்டினார். டேமுக்கு வந்து சேர்ந்தபோது கோப்பிலிருந்து நான்கு தாள்கள் பறந்துபோயிருந்தன. அவர் கவலைப்படவில்லை.

“இறங்குங்கம்மா, எவ்வளவு தண்ணி கிடக்கு பாருங்க! சிரிங்க, சும்மா சிரிங்க. இன்னைக்கு ஒண்ணும் எழுத மாட்டேன்.”

கபிரியேல் தண்ணீரைப் பார்த்தார். செசிலியைப் பார்த்தார். இருவரும் முயன்றார்கள். இரண்டு மாதப் பயிற்சி. முகம் அசையவில்லை.

“வரமாட்டேங்குதே” என்றார் செசிலி மெதுவாக.

தாணுலிங்கம் நேர்மையான அதிகாரி. எழுத மாட்டேன் என்று சொன்னாலும் மறுநாள் அறிக்கை எழுதினார்: ‘ஊர்தி உரிமையாளரும் அவர்தம் மனைவியும் பயணம் முழுவதும் விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்தனர். மேற்படி பயணத்தில் ஏற்பட்ட மகிழ்ச்சி அனைத்தும் அரசுத் தரப்பைச் சார்ந்தது. அரசுத் தரப்பு மகிழ்வதை விதி தடுக்கவில்லை. எனவே வாரந்தோறும் மறு ஆய்வு தேவை. உரிமையாளரின் மனைவிக்கு ஒதுக்கப்பட்ட இருக்கை, ஆய்வின்போது மேலதிகாரிக்குத் தேவைப்படும்.’

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜீப் பேச்சிப்பாறைக்குப் போகிறது. தாணுலிங்கமும் மேலதிகாரியும், சில வாரம் அவர்களுடைய பிள்ளைகளும் ஏறிக்கொள்கிறார்கள். கபிரியேல் ஓட்டுகிறார். அந்த முகத்தைப் பார்த்து ஊரே மெச்சுகிறது. அனில்குமார் அதைப் படம் பிடித்து ஸ்கூட்டருக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

டேமில் வண்டியை நிறுத்தியதும் கபிரியேல் நிழலில் போய் நின்று வீட்டுக்குப் போன் செய்வார்.

“எப்ப வருவீங்க?” என்று கேட்பார் செசிலி.

“இப்ப வந்திருவேன் ஏட்டி. சாருமாரு சிரிச்சு முடிக்கட்டு.”