ஏழாம் வீட்டுக்கு ஒரு பெயர்

“துரைகிட்டகூடக் கேட்டுடலாம், கிராணிகிட்ட மட்டும்…” என்று கார்த்திகேசின் மாமனார் ஏதோ சொல்வார். மீதி என்னவென்று ஆபீஸ் வாசலில் நின்றபோது அவனுக்கு நினைவு வரவில்லை.

கேட்க வந்தது பெரிய விஷயமில்லை. கோலசிலாங்கூருக்கு வடக்கே அந்தச் செம்பனைத் தோட்டத்தில் அவன் லோரி ஓட்டுகிறவன். மனைவி அமராவதிக்கு எட்டாம் மாதம். இருவரும் அக்கா வீட்டுக் குசினியில் படுக்கிறார்கள். மேட்டு லயத்தில் ஒரே வரிசையாக ஒன்பது வீடு. ஏழாம் வீடு காலி. சாவி ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது.

ஆனால் அது 1983. பெரிய கிராணி சிவானந்தத்துக்குக் கப்பலில் வேலை செய்யும் மச்சான் ஓர் அமெரிக்கப் புதிர்ப் புத்தகம் கொடுத்திருந்தார். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். ஒரு வரிசையில் ஓர் எண் ஒருமுறைதான் வரலாம். கடினமான கட்டங்களைக் கிராணி சங்கிலி போட்டு உடைப்பார்: இங்கே நாலு என்றால் அங்கே நாலில்லை, அங்கே இல்லையென்றால் மூலையில் நாலு, இப்படியே போய் எங்காவது முட்டினால், முதலில் வைத்த நாலு தப்பு. மேலாளரான துரை அசந்துபோய், இனித் தோட்ட நிர்வாகமும் இம்முறையிலேயே நடைபெறும் எனச் சுற்றறிக்கை விட்டார்.

கிராணி பென்சிலைச் சீவினார்.

“உன்னை ஏழுல போடுறேன்னு வை. ரெண்டாம் வீட்டுல காவல் பார்க்குற ஜாகா பேரும் கார்த்திகேசு. ஒரு வரிசையில ஒரு பேரு ஒரு தடவைதான். அவரு காலி பண்ணணும். ரெண்டு காலியானா, கூரை ஒழுகுற ராஜம்மா அஞ்சுலேருந்து அங்க போவா. அஞ்சு காலியானா, அதை ஜாகாவுக்குத்தான் கொடுக்கணும். மறுபடியும் ஒரே வரிசையில ரெண்டு கார்த்திகேசு. முட்டுதா?”

“முட்டுதுங்கையா. ஆனா வீடு காலியாத்தானே கெடக்கு?”

“கட்டம் காலியா கெடந்தா எந்த எண்ணையும் போட்டுடலாமா? நான் முடியாதுன்னு சொல்லலப்பா. சங்கிலி சொல்லுது.”

தொழிற்சங்கத் தலைவர் ஐயாவு சண்டைக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்துக் காதில் பென்சிலோடு திரும்பி வந்து, கிராணியின் சங்கிலியில் குற்றமில்லை என்றும், தாம் அதைவிடக் குட்டையாக ஒன்று கண்டுபிடித்திருப்பதாகவும் சொன்னார். அந்த வாரம் டவுன் கடையில் பென்சில் தீர்ந்தது. பைப்படியில் யார் முதலில் பிடிப்பது என்று பெண்கள் சங்கிலி போட்டு முடிப்பதற்குள் தண்ணீர் நின்றது.

கடைசியில் கிராணி சிவானந்தம் மனமிரங்கினார்.

“பேரை மாத்திக்க. லயத்துல இல்லாத பேரா ஒண்ணு எழுதிக் கொடு, அப்பவே சாவி. நல்லா யோசிச்சு எழுது. காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கறப்ப அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். திட்டுனாலும் அந்தப் பேரைச் சொல்லித்தான்.”

அன்று மாலை பெயர் தேட லயமே கூடி உட்கார்ந்தது. அழகேசன் நாலாம் வீட்டில் இருந்தார். சேது எட்டில். சோமு ஒன்பதாம் வீட்டு நாயின் பெயர். நாயும் வரிசையில்தான் படுக்கிறது என்று ஐயாவு அதையும் அடித்தார்.

அமராவதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “வயித்துல இருக்கறது உங்க சங்கிலி முடியட்டும்னு காத்திருக்குமா?”

மறுநாள் காலை கார்த்திகேசு விண்ணப்பப் பாரத்தை வாங்கி, புதுப் பெயர் என்ற இடத்தில் ‘சிவானந்தம்’ என்று எழுதிக் கொடுத்தான்.