நாய்ச் சட்டைக்கு நாலு விசாரணை

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை தரணீதரன் அவர்களுக்கு,

ஊரில் நம் பனியன் கம்பெனியிலிருந்து மாமனார் திருமூர்த்தி எழுதுவது. சென்னையில் நீங்களும் மகள் சுபஸ்ரீயும் நலமென்று நம்புகிறேன். இங்கே நலமில்லை. போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன். மாப்பிள்ளையிடம் சத்தம் போடக்கூடாது என்பதால் எழுதுகிறேன், முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

கம்பெனி வாசலில் கண்டெய்னர் லாரி நிற்கிறது. சாயங்காலத்துக்குள் கிளம்பாவிட்டால் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும், கப்பலோடு இந்த வெளிநாட்டுப் பார்ட்டியும் போய்விடுவான். சரக்கு தயார், நீங்கள் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராம்தான் விடமாட்டேன் என்கிறது, ஏனென்றால் இந்த முறை ஆர்டர் நாய்ச் சட்டை. ஆண் சட்டையா, பெண் சட்டையா, குழந்தைச் சட்டையா என்று அயர்ன் செக்‌ஷனில் கேட்கிறது, பேக்கிங்கிலும் அதையே கேட்கிறது, எடை போடும்போதும் கேட்கிறது, லாரியில் ஏற்றும்போதும் கேட்கிறது. பேக்கிங் சூப்பர்வைசர் நதியா ஓடிவந்தாள். "மொதலாளி, நாலு கையி இருக்கு, இத எதுல சேக்க?" என்றாள். "கொழந்தைன்னு போடும்மா" என்றேன். 'இரண்டு வயதுக் குழந்தைக்கு' என்று ஸ்டிக்கர் வந்தது. லோடிங்கில் இருந்தவன் தன் பங்குக்குப் 'பெண்' என்று அழுத்திவிட்டான். பேக்கிங்கில் குழந்தையாக இருந்தது லோடிங்குக்குள் எப்படிப் பெண்ணானது என்று கேட்டு உங்கள் புரோகிராம் பில் தர மறுக்கிறது.

கட்டிங்கில் ஒரு சட்டை பிறக்கும்போதே அதன் மடிப்பு, எடை, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் அயர்ன்காரன் 'மடி' என்றால் அது தன் மாதிரியில் மடியட்டும், பேக்கிங்கில் 'ஸ்டிக்கர்' என்றால் தன்னுடையதைக் கொடுக்கட்டும். நீ யார், எந்த வகை என்று படிக்குப் படி எதற்கு விசாரணை? கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு கரண்டிக்கும் நீ மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா என்று கேட்டால் யாராவது சாப்பிட முடியுமா? நாளைக்குப் பூனைச் சட்டை வந்தால் மறுபடியும் நாலு இடத்திலும் நிற்போமா?

லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிறான். முடிவாகச் சொல்கிறேன், இன்று சரக்கு போகாவிட்டால் நாளையிலிருந்து உங்கள் புரோகிராம் வேண்டாம். அதை எழுதியவருக்கு ஒரு பனியனைக்கூட மடிக்கத் தெரியாது.

நீண்ட ஆயுளும் குறையாத செல்வமும் பெற்று, கடிதம் கண்டவுடன் கம்ப்யூட்டரைத் திறக்கும்படி ஆசீர்வதிக்கும்,
திருமூர்த்தி

பி.கு.: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். திரையில் இருக்கும் உதவி எண்ணுக்கு நதியா போன் போட்டிருக்கிறாள், எடுத்தது சுபஸ்ரீ. நாலு இடத்திலும் நாயைச் சேர்த்துவிட்டாள், லாரி கிளம்பிவிட்டது. நான் போனை வாங்கி, "உனக்கு எப்படிக் கண்ணு இதெல்லாம் தெரியும்?" என்றேன். "எழுதுனதே நானுங்கப்பா. எம் பேரச் சொன்னா நீங்க வாங்க மாட்டீங்கன்னுதான் அவரு பேரப் போட்டோம்" என்றாள். புரோகிராம் அருமையான புரோகிராம், நாய் சட்டை போடும் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடச் சொன்னேன். "அத ஒவ்வொரு செக்‌ஷன்லயும் தனித்தனியா மாத்தோணுங்கப்பா, நாளாகும்" என்கிறாள். ஆகட்டும், காத்திருக்கிறேன்.