மிச்சம் மூன்று சதவீதம்

"அறுபத்திரண்டு சதவீதம் காப்பி, மேடம்" என்று கணினி அறிக்கையை மேசையில் போட்டார் துறைத்தலைவர் நாம்குங்.

பே சுக்-ஹீக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொரியாவின் ஜொன்ஜு நகரக் கல்லூரியில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒப்பந்த விரிவுரையாளர். நிரந்தர வேலைக்குத் தன் ஒலியியல் செய்முறைக் கையேட்டைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

"சார், இதை ஏழு வருஷமா நானே இணையத்துல இலவசமா போட்டிருக்கேன். யார் வேணா எடுத்துக்கலாம், என் பேரை மட்டும் போட்டா போதும்னு. அவங்கதான் எங்கிட்டேருந்து எடுத்திருக்காங்க!"

"கணினி அப்படிச் சொல்லலையே. சதவீதத்தைக் குறைக்கிற வழியப் பாருங்க."

அன்றிரவு கணவர் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, தன் கையேட்டை எடுத்தாண்ட ஆசிரியர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினாள்: 'என் பேரைப் போடுங்க, புண்ணியமாப் போகும்.'

அசடு வழிய மன்னிப்புக் கேட்டுப் போட்டார்கள். கையோடு, "அருமையான கையேடு" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியும் வைத்தார்கள்; அவர்களும் இணையத்தில் ஏற்றினார்கள். காப்பி எண்பத்தொரு சதவீதம்!

"இது பே மேடம் எழுதினதுன்னு சாட்சி சொல்லுங்களேன்" என்று மறுபடி கெஞ்சினாள். பூசானிலிருந்து ஜேஜு தீவுவரை ஆளாளுக்குத் தங்கள் தளத்தில் சாட்சி சொன்னார்கள், ஆதாரமாக முழுக் கையேட்டையும் இணைத்து. தொண்ணூற்றேழு! வேலை போய்விடும் போலிருந்தது. ஆனாலும் இத்தனை வகுப்பறைகளில் தன் பாடம் நடக்கிறதே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர்வுக் குழு கூடியது. வாற்கோதுமைத் தேநீர் வந்தது. எழுத்தர் ஓக்-சுன் குறிப்பெடுக்க உட்கார்ந்தாள்.

"மிச்சம் மூணு சதவீதம் என்ன மேடம்?" என்றார் நாம்குங்.

"நன்றியுரை, சார்."

அவர் அறிக்கையைப் புரட்டினார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"அடடே! பட்டியல்ல முதல்ல இருக்கிறது போன வருஷம் வந்த என் புத்தகம்! நம்ம பசங்க முப்பத்தெட்டாயிரம் வொன் கொடுத்து வாங்குற புத்தகம்! என்கிட்டயே கைவரிசையா?"

"என்னுது ஏழு வருஷம் முன்னாடியே வந்திருச்சு சார், தேதியப் பாருங்க!"

"இணையத்துல தேதியை யார் வேணா மாத்தலாம். அச்சு பொய் சொல்லாது!"

ஓக்-சுன் அலமாரியிலிருந்து அவர் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினாள்.

"அச்சு பொய் சொல்லாதுன்னு பதிவு பண்ணிடவா சார்?"

"தாராளமா!"

"அப்போ ஒரே ஒரு சந்தேகம் சார். நாற்பதாம் பக்கத்துல, 'என் கணவர் சோபாவில் விடும் குறட்டையை மூன்று மீட்டர் தள்ளி நின்று அளந்தேன்'னு எழுதியிருக்கீங்களே... அவரு யாரு சார்?"