சேசடிமையின் சம்மனசு

வாசல் கதவைத் திறந்ததும் சேசடிமை முதலில் கீழே பார்த்தார். இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு, பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டு, அதன் மேல் பச்சைக் கம்பளிக் குல்லா. தெருவில் நின்ற அவர் ஸ்கூட்டரை வேறு யாரோ பளபளவென்று துடைத்திருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியதிலிருந்து இதே கதை. ஒவ்வொரு வருஷமும் ஊர்க் கோயில் பங்கில் சீட்டுக் குலுக்குவார்கள். சீட்டில் யார் பேர் வருகிறதோ, அவருக்கு நீங்கள் மறைவான சம்மனசு, காவல் தேவதை மாதிரி. புத்தாண்டு வரை அவருக்காக ஜெபிக்க வேண்டும், தெரியாமல் நல்லது செய்ய வேண்டும். யாருக்கு யார் என்பதை வாய் திறக்கக் கூடாது.

ஒருத்தருக்கு ஒரு சம்மனசுதான். ஆனால் ஒரே சம்மனசு முறுக்கும் சுட்டு, குல்லாவும் பின்னி, வண்டியும் துடைக்குமா? சேசடிமை நம்பவில்லை. அவர் எதையுமே நம்புகிறவர் இல்லை.

கடற்கரை ஊரிலிருந்து மாற்றலாகி வேங்கிக்காலுக்கு வந்து நாலு வருஷம். ஆபீசில் குமாஸ்தா. வீட்டுக்கு வந்தால் பேச ஒரு ஜீவன் கிடையாது. பங்கின் செய்தி மடலை அவர்தான் எழுதி அச்சடித்தார். யாருக்கு ஞானஸ்நானம், யார் மகளுக்குக் கல்யாணம், யார் போய்ச் சேர்ந்தார் எல்லாம் அவர் கையால்தான் வெளியே வரும். இந்த ஊரில் நாலு பேர் அவரை "சார்" என்று கூப்பிடுவது அந்த ஒன்றுக்காக.

அந்த மடல்மேல் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் ராஜாவுக்கு ஒரு கண் உண்டு என்பது சேசடிமையின் முடிவு. போன வருஷம் ராஜா போட்ட சீட்டில் ராஜாவின் மாமியாருக்கு மிக்சி வந்தது. சேசடிமைக்கு வந்தது காலண்டர். அதுவும் முடியப்போகிற வருஷத்துக் காலண்டர்.

அதனால்தான் இந்த முறை சீட்டு வேலையை அவரே பிடுங்கிக்கொண்டார். பங்கில் எந்தக் கட்சியும் இல்லாத ஆள் வேண்டும் என்று ஜெராக்ஸ் கடை மக்பூலிடம் போனார். சீட்டில் சேர்ந்த முப்பத்தெட்டு குடும்பத்தின் பட்டியலையும், அளவுக்கு மாதிரியாகத் தானே பேர் எழுதிய ஒரு சீட்டையும் கொடுத்து, அடித்து மடித்துப் பின் போட்டுத் தரச் சொன்னார். மக்பூல் யாரிடமும் சொல்லக் கூடாது, சேசடிமையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். குலுக்கி முடிந்து மிஞ்சிய கடைசிச் சீட்டு அவருக்கு. அதை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் செலவு.

அன்றைக்குப் பூசை முடிந்ததும் லூர்து டீச்சர் அவரை மடக்கினார்.

"மூணு வாரம் ஆச்சு சார். என் சம்மனசு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கூட வைக்கல. உசுரோட இருக்குதான்னு மடல்ல விசாரிச்சுப் போடுங்க."

டீச்சருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் அதே குறையோடு நின்றார்கள். யாருக்கும் எதுவும் வரவில்லையாம்.

சேசடிமைக்குப் பொறி தட்டியது. ஊருக்குப் போக வேண்டியதெல்லாம் தன் வாசலில் வந்து குவிகிறது. அள்ளிக் கொண்டுவந்து போடுவது ராஜாதான். புத்தாண்டு அன்று எல்லார் முன்னாலும், "சீட்டு போட்டவரே சுருட்டிட்டார்" என்று சொன்னால் போதும், மடல் அவன் கைக்குப் போய்விடும்.

உடனே திருப்பிவிடத் தீர்மானித்தார். மறுநாள் விடியும்போது முறுக்கு டப்பாவைப் பையில் போட்டு லூர்து டீச்சர் வீட்டு கேட்டில் மாட்டினார். குல்லாவைப் பக்கத்துத் தெரு பவுல் தாத்தா வாசலில் வைத்தார்.

மனசு லேசாகி ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் ராஜாவே வந்து நின்றான்.

"டீச்சர் அழுதுட்டு கீறாங்க சார். அடியில பேர் வெட்டுன அவங்க டப்பா, அவங்க வீட்டுக்கே திரும்பி வந்துருக்குது. நாலு படி மாவு இடிச்சு சுட்டாங்களாம். யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்றாங்க."

ஞாயிற்றுக்கிழமை பவுல் தாத்தா பச்சைக் குல்லாவோடு கோயிலுக்கு வந்தார். அதைப் பின்னிய பெண்மணி நற்கருணை வாங்கக் கூட எழுந்திருக்கவில்லை. தாத்தாவை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். யார் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். சமாதானம் சொல்லும் நேரத்தில் பாதிப் பேர் கை கூப்பவில்லை.

பூசை முடிந்து பங்குச் சாமியார் சேசடிமையைக் கூப்பிட்டார். நடந்தது நடந்துவிட்டது, புத்தாண்டுக்குப் புதிதாகச் சீட்டுப் போடலாம், இந்த முறை ராஜா பார்க்கட்டும் என்றார்.

சேசடிமையின் முகம் செத்துப்போனது.

"ஒரே ஒரு தடவை என்கிட்டயே விடுங்க சாமி. இதுலயும் கோளாறு வந்துச்சுன்னா மடலையும் அவன்கிட்டயே குடுத்துருதேன்."

சாமியார் யோசித்து, சரி என்றார்.

அந்த வேகத்தில் சேசடிமை மடலுக்குப் புத்தாண்டுச் சிந்தனையை எழுதினார். தலைப்பு: 'நம் பங்கில் ஒரு யூதாஸ்.' பேர் போடவில்லை. ஆனால் அந்த யூதாஸ் மணி அடிப்பான், பாட்டு எடுத்துக் கொடுப்பான், மாமியாருக்கு மிக்சி வாங்குவான் என்று எழுதியிருந்தார்.

முப்பத்தொன்றாம் தேதி காலை மக்பூல் கடையில் மடல் முந்நூறு பிரதி அடித்து முடிந்தது. கட்டை ஆட்டோவில் ஏற்றி, வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பியது ராஜாவேதான். அதில் அச்சிட்டிருந்ததை அவன் இன்னும் படிக்கவில்லை. போகிற போக்கில், "ஹேப்பி நியூ இயர் சார்" என்று வேறு சொன்னான். சிரிப்பைப் பார், என்று சேசடிமை பல்லைக் கடித்தார்.

ஆட்டோ முனை திரும்பியது. சேசடிமை பெயர்ப் பட்டியலை மேசைமேல் வைத்து, போன தடவை மாதிரியே மடித்துப் பின் போட்டு, யாருக்கும் காட்டாமல் தரச் சொன்னார்.

மக்பூல் பட்டியலை ஒருமுறை பார்த்தார். அதை ஓரமாக நகர்த்திவிட்டு, டிராயரிலிருந்து பழைய மாதிரிச் சீட்டை எடுத்து மெஷின்மேல் வைத்தார்.

"இந்த லிஸ்டு எதுக்குன்னு போன தடவையே புரியல சார். அதே மாதிரி முப்பத்தெட்டு சீட்டுலயும் உங்க பேரையே போட்டுடட்டுங்களா?"