பொது மேலாளருக்கு மேலே ஒரு வெற்று வரி

டேட்டாபேஸ் இல்லாத நிறுவனங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. ஆனால் டேட்டாபேஸை விலை கொடுத்து வாங்கி, அதற்குள் ஒரு துரும்பைக்கூட வைக்காமல் நிர்வாகம் நடத்திய பெருமை, பூங்கா பெஞ்சு பராமரிப்புக் கழகம் ஒன்றுக்கே உரியது.

அட்டவணைகள் எல்லாம் வெளியே, டேட்டா என்ட்ரி பார்க்கும் டேட்டாக்காவின் கம்ப்யூட்டரில், வெறும் நோட்பேட் ஃபைல்களாகக் கிடந்தன. வேண்டும்போது டேட்டாபேஸ் அங்கே எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளும். பெயர்களுக்கு ஒரு ஃபைல், பதவிகளுக்கு ஒரு ஃபைல். முதல் வரிப் பெயருக்கு முதல் வரிப் பதவி, இரண்டாம் வரிக்கு இரண்டாம் வரி. அறைக் கதவுகளும் அட்டையைத் தேய்த்தால் அதன்படிதான் திறக்கும். ஆளுக்கொரு அடையாள எண் வேண்டாமா என்று டேட்டாக்கா ஒரு நாள் கேட்டாள். "மனுஷங்களுக்கு நம்பர் போட இது என்ன ஜெயிலாம்மா?" என்றார் பொது மேலாளர். எத்தனை மனிதாபிமானம்!

டேட்டாக்கா தற்காலிக ஊழியர். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு மூன்று வருஷமாகப் பொது மேலாளரின் திரையில் தவம் கிடந்தது. கழகத்தின் விதியோ மிக முற்போக்கானது. மாலைக்குள் பொது மேலாளர் தடுக்காவிட்டால் எந்தக் கோப்பும் தானாகவே 'ஒப்புதல்' ஆகிவிடும். தடுப்பதற்கென்று அவர் திரையில் ஒரு பொத்தான் இருந்தது. பெயர் 'பார்க்கலாம்'. காலையில் வந்ததும் எல்லாக் கோப்புக்கும் அதை அமுக்கிவிட்டுத்தான் நாற்காலியில் சாய்வார். அப்படியொரு சுறுசுறுப்பு.

ஒரு திங்கட்கிழமை பெயர் ஃபைலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, என் பேரு உச்சியில போய் முட்டிக்கிட்டு நிக்குது? மேல ஒரு வரி விடு. பெரிய மனுஷனுக்குக் கொஞ்சம் காத்தாட வேண்டாமா?"

"ஒரு வரி விட்டா எல்லாரும் ஒரு படி கீழ இறங்கிடுவாங்க சார்."

"இறங்கட்டுமே. அதுக்குப் பேருதாம்மா நிர்வாகம்."

சொன்னால் கேட்கிற ஜென்மமா? அவள் ஒரு வரி விட்டு, சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பொது மேலாளரின் அட்டைக்கு அவர் அறை திறக்கவில்லை. துணை மேலாளரின் அறைதான் திறந்தது. துணை மேலாளர் கணக்கரானார். கணக்கர் டிரைவரானார், அவர் காரை எடுத்தபோது வாசல் கேட்டும் கூடவே கிளம்பியது. டிரைவரண்ணன் டேட்டாக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, மௌஸை ஸ்டியரிங் மாதிரி திருப்பிக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கும் கீழே போய்விட்ட டேட்டாக்காவுக்கு மட்டும் பதவியே மிச்சமில்லை. உள்ளே வர வழியில்லாமல் ஜன்னலோரம் நின்றாள். மூன்று வருஷம் காத்தது இதற்குத்தானா?

"அண்ணே, அந்த முதல் வரியை அழிச்சிடுங்கண்ணே."

"நல்லா சொன்னே போ. இப்போ அதுதானே பொது மேலாளர்? நான் கைவைக்க முடியுமா?"

வெற்று வரி பதவியேற்றது. அது மீட்டிங் போடவில்லை, 'பார்க்கலாம்' அமுக்கவில்லை. கால் உடைந்த பெஞ்சுகளுக்கெல்லாம் கால் வந்தது. வருஷக்கணக்காக நின்றபடியே ஓய்வெடுத்த முதியவர்கள் பூங்காவில் உட்கார்ந்தார்கள். டேட்டாக்காவின் கோப்பு மட்டும் நகரவில்லை. பதவியே இல்லாதவளை எதில் நிரந்தரமாக்குவது?

பழைய பொது மேலாளர் தன் பதவியைத் திருப்பித் தரும்படி மனு எழுதினார். நடை சரியில்லை என்று திருத்தித் திருத்தியே வாரம் முழுக்க ஓடிவிட்டது. கொடுத்த அன்று மாலையே வெற்று வரி ஒப்புதல் தந்தது. அவர் காலத்தில் கொடுத்திருந்தால் அவர் மனுவே நகர்ந்திருக்காது.

ஒப்புதல் கிடைத்ததும் முதல் வேலையாக டிரைவரண்ணனிடம் வெற்று வரியை நீக்கச் சொன்னார், எல்லாரும் பழைய இடத்துக்கு வந்தார்கள். அடுத்து, அதை விட்ட குற்றத்துக்கு டேட்டாக்காவிடம் விளக்கம் கேட்டார். மூன்றாவதாக அவள் கோப்புக்கு 'பார்க்கலாம்' அமுக்கினார்.

அதற்குள் தலைமையகம் பெஞ்சுகளைப் பார்த்துப் பூரித்துப்போய், அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது.

"என் பேரை மட்டும் அழிம்மா," என்றார், கண் கலங்க. "வரியை அழிச்சிடாதே. என் இடம் காலியாவே இருக்கட்டும், என் ஞாபகமா."

டேட்டாக்கா அட்சரம் பிசகாமல் அப்படியே செய்தாள். இந்த முறை யாரும் ஒரு படிகூட இறங்கவில்லை. மறுநாள் காலை 'பார்க்கலாம்' அமுக்க ஆளில்லை, மாலையே அவள் கோப்பு ஒப்புதலாகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

தலைமையகத்திலிருந்து போன் வந்தது.

"முதல் வரி காலியா இருக்காமே. அடுத்த பொது மேலாளரை அனுப்பலாமா?"

"பார்க்கலாம் சார்," என்றாள் டேட்டாக்கா. "இத்தனை வருஷத்துல அந்த நாற்காலியில வேலை நடக்க விட்டவரு இப்போ இருக்கிற இவரு ஒருத்தர்தான்."